எல்லையில் நின்ற அம்மன் வண்டி

சேலத்திலிருந்து வந்து, காலை ஏழு மணிக்குக் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினேன். வேப்பனப்பள்ளிக்குப் பதினான்கு மைல், எட்டணா. ஊர் பார்க்கப் போகவில்லை. வாந்திபேதி கண்ட ஊரில் இருக்கும் என் அக்காவைக் கூட்டிவரப் போனேன். அங்கிருந்து திரும்புகிறவர்களிடம் காலரா ஊசிச் சீட்டு இல்லாவிட்டால் பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்று உத்தரவு. குந்தாரப்பள்ளி தாண்டியதும் கண்டக்டர் என் ஊசிச் சீட்டைப் பார்த்தார். போகும் காரியத்தைச் சொன்னேன். அக்காவிடம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப சும்மாதான் போறீங்க" என்றார்.

வேப்பனப்பள்ளியிலிருந்து மைசூர் எல்லைப் பக்கம் மூன்று மைல் நடை. ஊர் முகப்பில் வேப்பிலைத் தோரணம். பக்கத்துக் குட்டையில் ஒருவர் மாடு கழுவினார். இரண்டடி தள்ளி இன்னொருவர் குடத்தில் தண்ணீர் மொண்டார். காய்ச்சிக் குடிக்கக் கூடாதா என்றேன். அம்மனுக்குச் சூடு ஆகாதாம். வேப்பிலை கட்டத் தெரிந்த ஊருக்கு விறகு எரிக்கத் தெரியவில்லை.

அக்காவின் பக்கத்து வீட்டில் ஒருத்தி செத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அப்படியும் அக்கா, மாமா போட்டுக்கொண்டால்தான் தானும் ஊசி போட்டுக்கொள்வேன் என்றாள். மாமாவோ சுகாதார இன்ஸ்பெக்டரின் சைக்கிளைக் கண்டாலே கேழ்வரகுக் காட்டில் படுத்துக்கொள்கிறவர். ஊரின் ஆண்கள் எல்லோரும் அந்தக் காட்டில்தான் படுக்கிறார்கள்.

அன்று மத்தியானம் அம்மனை ஊரைவிட்டு அனுப்பினார்கள். மூங்கிலில் ஒரு சின்ன வண்டி, அதில் மஞ்சள் பூசிய மண் பொம்மை. அதை எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டால் நோவும் போய்விடும். எங்கே போகும்? அடுத்த ஊருக்கு. அடுத்த ஊர்க்காரர்களுக்கும் இந்த சாஸ்திரம் தெரியும். மூன்று மணிக்கு எல்லைக்கல் அருகே போனபோது மைசூர்க்காரர்கள் தடியோடு வரிசை கட்டி நின்றார்கள். "நமகெ பேடா" என்றார்கள், தங்களுக்கு வேண்டாமாம். இந்தப் பக்கமும் தோளோடு தோள் வரிசை. நடுவில் வண்டி. எவன் இடம் விட்டாலும் அந்தச் சந்தில் அம்மன் புகுந்துவிடுவாள்.

அப்போது சைக்கிள் வந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டு வரிசையையும் பார்த்தார், சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து எங்கள் வரிசையின் முதல் ஆளிடம் போனார். ஒருவனாலும் ஓட முடியவில்லை. ஊர்க்கவுண்டர் தன் கையை நீட்டிக்கொண்டே, யாரும் நகரக் கூடாது என்று அதட்டினார். மாமாவின் முறை வந்தது.

"இடது கையில போடுங்க சார். வலது கையில தடி கீது" என்றார் மாமா. போட்டு முடிந்ததும் எதிர் வரிசையைக் காட்டினார். "அவனுங்களுக்கும் போடுங்க. எங்களுக்கு மட்டும் கை வீங்கினா நாயமா?"

மைசூர்க் கைக்கு ஊசி போடத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார் இன்ஸ்பெக்டர்.

கஞ்சி கொண்டுவந்த அக்கா இதைப் பார்த்துவிட்டு ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். ஊசியும் ஏறியது, சீட்டும் கிடைத்தது. கிளம்பு என்றேன்.

"மாமா கையைத் தூக்க முடியாம நிக்கறாரு. யார்றா கஞ்சி ஊத்தறது? தண்ணியைக் காய்ச்சறேன், போதுமா? நீ போ."

ஐந்தரை மணி பஸ்ஸில் நான் மட்டும் ஏறினேன். சேலத்தில் எங்கள் தெருவில் ஊசிக்காரர் வந்தால் பட்டதாரிகள் கொல்லைப்புறமாக ஓடுகிறார்கள். அவர்களை நிறுத்தி வைக்க எங்களிடம் ஒரு ஏற்பாடும் இல்லை.