அண்ணன் கைவிட்ட உப்புத் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சமாதானக் கூட்டம். பேச வந்தவர், தவளக்குப்பத்தில் விவசாயம் பார்க்கும் என் அண்ணன். சமாதானமாக வேண்டியவள் என் மகள் நித்யா. கூட்டம் பாதியிலேயே கலைந்தது. காரணம் ஒரு மீன் தொட்டி.

சோர்வாகத்தான் இருக்கிறது... இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகிப் போன வீட்டிலிருந்து நித்யா மழைக்காலத்தில் திரும்பி வந்தாள். ஒரு பெட்டி, ஒரு லேப்டாப். ஏன் என்று கேட்டோம். "அப்பறம் சொல்றேம்பா" என்றாள். அந்த அப்புறம் வரவே இல்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை. சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வருவாள்.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு குறுகலானது. எதிர்வீட்டு குக்கர் விசில் அடித்தால் நாங்கள் எழுந்துபோய் எங்கள் அடுப்பை அணைப்போம். அப்படிப்பட்ட தெருவில் ஒரு பெண் வந்து தங்கிவிட்டால் சும்மா இருப்பார்களா? "பொண்ணு எப்ப ஊருக்குப் போவுது?" - கேட்டவர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே எனக்குத் தாடை வலி வந்தது.

ஒரு நாள் காலையில் அவளே வெளியே வந்தாள்.

"அப்பா, ஹால்ல ஒரு டேங்க் வைக்கலாமா? உப்புத் தண்ணி டேங்க். உள்ள பவளமெல்லாம் வளக்கலாம்."

அன்றைக்கிருந்த நிலைமையில் யானை வேண்டும் என்றாலும் தலையாட்டியிருப்பேன்.

கண்ணாடித் தொட்டி வந்தது. பம்ப், நீல விளக்கு, வெள்ளை மணல், ஓட்டை ஓட்டையாகப் பாறைகள் எல்லாம் வந்தன. அடுத்தது தண்ணீர்.

"கூப்பிடு தூரத்துல கடல் இருக்கு. ஒரு கேன்ல புடிச்சாந்தா போதாதா?"

"ஊர் சாக்கடை எல்லாம் அங்கதாம்பா போய்ச் சேருது. அது வேணாம்."

ஆக, கடற்கரை ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் உப்பை பார்சலில் வரவழைத்தோம். சுத்திகரித்த தண்ணீரில் அளந்து கலக்கினோம். கலக்கினோம் என்றால், கலக்கியது நான். மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கேன் தூக்கியதும் நான். என் முதுகைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லும்.

சரி, மீன்? அதுதான் இல்லை! வாரக்கணக்கில் வெறும் தண்ணீரும் பாறையும். பாறையில் நல்ல கிருமிகள் வளர வேண்டுமாம். மீனின் கழிவை அவைதான் தின்னுமாம். அதற்குமுன் மீனை விட்டால் செத்துவிடுமாம். தினமும் ஒரு குப்பியில் தண்ணீர் எடுத்து, மருந்து சொட்டி, நிறம் பார்ப்பாள். "இன்னும் இல்லப்பா" என்பாள். பொண்ணு எப்போது போகும், மீன் எப்போது வரும் - வருகிறவர்களின் இரண்டு கேள்விக்கும் எங்களிடம் பதில் கிடையாது.

ஒருவழியாகத் தண்ணீர் தயாரானது. முதலில் பாசி தின்னும் நத்தைகள். பிறகு சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒரு இறால். அதன்பின் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடிக் கோமாளி மீன். கடைசியாகச் சட்டைப் பொத்தான் அளவில் மென்பவளங்கள் - சென்னையில் ஒருவர் தன் தொட்டியிலேயே வளர்த்தவை. "கல் பவளத்தக் கடல்லேர்ந்து எடுக்கறது குத்தம்பா" என்று எனக்குப் பாடம் வேறு.

அவள் கையை உள்ளே விட்டால் அந்த இறால் வந்து நகக்கண்ணைச் சுத்தம் செய்யும். அதற்காகவே ஹாலுக்கு வர ஆரம்பித்தாள். என் மனைவி காபியை அறை வாசலில் வைப்பதை நிறுத்திவிட்டு ஹாலில் கொடுக்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் அது பெரிய முன்னேற்றம்.

இந்த நிலைமையில்தான் அண்ணன் வந்தார். மாப்பிள்ளை வீட்டார் அவரிடம் பேசியிருக்கிறார்கள்.

"பாப்பா, எல்லா வூட்லயும் சண்ட சச்சரவு இருக்கறதுதான். கொஞ்சம் அனுசரிச்சிப் போவணும். வெள்ளிக்கிழம நல்ல நாளு. நானே கொண்டாந்து வுடறேன்."

நித்யா தலை குனிந்து நின்றாள். அண்ணன் பேசிக்கொண்டே தொட்டியின் மூடியை நகர்த்தி, மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டார். இறால் ஆவலாக வந்தது.

"கைய எடுங்க பெரியப்பா."

"இரும்மா. கடிக்குதா பாக்கறேன்."

"கைய எடுங்க." இந்த முறை குரல் வேறு மாதிரி இருந்தது. அண்ணன் எடுத்துவிட்டார். "கை கழுவினீங்களா?"

"காலையில கத்திரிக்கு மருந்து அடிச்சேன். நல்லா தொடச்சிட்டுதாம்மா வந்தேன்."

நித்யாவின் முகம் வெளுத்துவிட்டது. பூச்சிமருந்து துளி பட்டாலே இறால் பிழைக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"அப்பா, கலக்கி வெச்ச தண்ணியக் கொண்டாங்க. அம்மா, காலி பக்கெட்." சொல்லிக்கொண்டே ஒரு ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டாள். தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்தபடியே பேசினாள்.

"வெள்ளிக்கிழமை நான் போவல பெரியப்பா. எந்தக் கிழமையும் போவல. அந்த வீட்ல ஒரு நாள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'ஏய்'தான். காய்ச்சல்ல படுத்திருந்தேன், தண்ணி கேட்டேன்... லைட்ட அணைச்சிட்டுப் போயிட்டாங்க. அவரும் பாத்துட்டுதான் நின்னாரு. இதுல எத அனுசரிக்கறது? நான் இங்கதான் இருப்பேன். இந்தாங்க, இந்த ட்யூப புடிங்க."

அண்ணன் பிடித்தார்.

மாதக்கணக்கில் நாங்கள் காத்திருந்த அந்த அப்புறம், ஈரக் கையோடு, பக்கெட்டுகளுக்கு நடுவில் வந்து சேர்ந்தது. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அடுத்த கேனை எடுக்கப் போனேன். வேறு என்ன செய்வது?

சாயங்காலத்துக்குள் இறால் செத்துவிட்டது. மீன்கள் இரண்டும் தப்பின. சுருங்கிப்போன பவளங்கள் மெல்ல மெல்ல விரிந்தன. வேறு இறால் வாங்கலாமா என்று கேட்டேன். "இப்ப வேணாம்பா" என்றாள். மறுநாள் வக்கீலைப் பார்க்கக் கிளம்பினாள். நானும் வரட்டுமா என்றதற்கு, "பின்னாடி உக்காருங்க" என்று வண்டியை எடுத்தாள்.

அண்ணனைக் குற்றம் சொல்ல மாட்டேன். நல்லது செய்யத்தான் வந்தார். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் நாம் எல்லோருமே நல்ல எண்ணத்தோடுதான் கையை விடுகிறோம். கழுவிவிட்டு விடுகிறோமா என்பதுதான் கேள்வி.

நேற்று அவரிடமிருந்து போன். வெள்ளிக்கிழமைப் பேச்சே இல்லை. கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்த எறா போயிடுச்சாமே தம்பி? பெரிய மார்க்கெட்ல மீன் கடையாண்டதான் நிக்கறேன். உசுரோட எதனா கெடைக்குதா, பாக்கட்டா?"

என் அண்ணன் மன்னிப்புக் கேட்டு நான் கேட்டது, வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.