சுடுதண்ணியும் அவிழாத முடிச்சும்

சுடுதண்ணி என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சல் ஆஸ்பத்திரியின் சலவைக் கொட்டகையில் வெள்ளாவி அண்டாவைப் பார்த்துக்கொண்டவள். அண்டாவால் வந்த பெயர் என்பாள் அவள். மூக்குநுனிக் கோபத்தால் வந்தது என்பார்கள் மற்றவர்கள். நான் எதற்கு நடுவில் புகுந்து கெட்ட பெயர் வாங்க வேண்டும்?

அது கொள்ளைக் காய்ச்சல் வந்த வருஷம். காலையில் பேசிக்கொண்டிருந்த ஆள் சாயங்காலம் இருக்கமாட்டார். கடைத்தெருவில் ஈ காக்கா கிடையாது. கொட்டகையில் இஸ்திரி போட்ட அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுடைய இஸ்திரிப் பெட்டியை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. மிஞ்சியது சுடுதண்ணியும், அவளோடு ஒரே அறையில் குடியிருந்த தமுக்கும்தான். தமுக்கு துணி அலசுகிறவள். அவள் ரகசியம் பேசினாலே நாலு தெருவுக்குக் கேட்கும், அதனால் அந்தப் பெயர்.

வார்டு ஆட்கள் சலவைப் பக்கம் வரக்கூடாது. இவர்களும் அங்கே போகக்கூடாது. நடுவில் ஒரு சுவர், அதில் மூட்டை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. நோயாளிகளின் விரிப்புகளை மூட்டை கட்டி அதன் வழியே தள்ளுவான் ஒருவன். முன்பு படகுத்துறையில் சரக்குக் கட்டியவன். பழக்கம் விடுமா? இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி இழுத்தான் என்றால் யானை கட்டி இழுத்தாலும் அவிழாது. சுடுதண்ணி ஒரு நீள ஆணியால் குத்திக் குத்தித்தான் அவிழ்ப்பாள். வாய் சும்மா இருக்குமா?

"யோவ்! உள்ள என்ன தங்கமா இருக்கு? கொஞ்சம் தளத்திக் கட்டினா கை தேஞ்சா போயிடும்?"

"அவுந்து கொட்டிச்சுன்னா நோய் உங்க மேல ஒட்டிக்கும்ங்க. திட்டறதுன்னா திட்டிக்குங்க," என்பான் அவன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் மூட்டை வருகிற நேரம் பார்த்து இவள் தலைவாரிக்கொள்ள ஆரம்பித்தாள். "ஏண்டி, செவுத்துக்கு அந்தப் பக்கம் உன் தலை தெரியவா போகுது?" என்று தமுக்கு கேட்டால், "உன் வேலையப் பாருடி!" என்று எரிந்து விழுவாள்.

ஒருநாள் வந்த மூட்டை ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிட்டது. "அப்பாடா! இன்னிக்காவது புத்தி வந்துச்சே!" என்று திறப்பில் குனிந்து கத்தினாள்.

வேறு குரல் பதில் சொன்னது. "அவரு காய்ச்சல்ல படுத்துட்டாரும்மா. இது நான் கட்டினது."

அண்டா பொங்கி அடுப்பை அணைத்தது; சுடுதண்ணி பார்த்துக்கொண்டே நின்றாள். "எனக்காகத்தான கட்டினாரு. அதுக்குப் போய்த் திட்டினேனேடி!" என்று தமுக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உள்ளே போய் விசாரிக்க வழியில்லை; மூட்டை தள்ளுகிறவனும் இனி மறுநாள்தான் வருவான். தமுக்கு துவைகல்மேல் ஏறி நின்றாள்.

"மூட்டைக்காரரு எப்படி இருக்காரு?"

ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. சலவை மேஸ்திரி ஓடிவந்தார். "சத்தம் போட்டா வேலை போயிடும், தெரியுமில்ல?"

"போனா போகட்டும்யா! இவ உசுரு அங்க கிடக்கு."

தினமும் இதே கூத்துதான். ஒருநாள், "இன்னும் கண்ணு தொறக்கல" என்று பதில் வந்தது. அன்று இவள் சாப்பிடவில்லை, தமுக்கும் சாப்பிடவில்லை. இன்னொரு நாள், "ரெண்டு வாய் பால் குடிச்சாரு!" என்று சமையல்காரர் கத்தினார். அதன்பிறகு எழுந்து உட்கார முடிந்த நோயாளிகளும் பதில் கத்தச் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் மேஸ்திரியே காதைத் தீட்டிக்கொண்டு வந்து நின்றார்.

மூட்டைகள் மட்டும் சுலபமாக அவிழ்ந்துகொண்டே இருந்தன. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆணி சும்மா சுவரில் தொங்கியது.

அப்புறம் ஒரு மூட்டை வந்தது. இரண்டு சுற்று. நுனி உள்ளே செருகியிருந்தது. அவள் கை வைத்ததுமே அவிழ்ந்து, விரிப்பெல்லாம் தரையில் கொட்டியது.

"யாருய்யா இப்படிக் கட்டினது?" என்று திறப்பில் குனிந்தாள்.

"நான்தாங்க. கையில இன்னும் பலம் வரல. கொட்டிடுச்சா? தொடாதீங்க, கழியால தள்ளுங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நீங்க கேட்ட மாதிரி தளத்தியாதான இருக்கு?" என்றான்.

"நான் ஆயிரம் சொல்லுவேன்! அதெல்லாமா கேப்பாங்க? நல்லா சாப்பிடுங்க. பழையபடி இறுக்கிக் கட்டுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரிலிருந்து ஆணியை எடுத்தாள். "ஆணிய நான் தூக்கிப் போடல."