பாதி சுத்தின மணல்மலை

என் டிரங்குப் பெட்டியில ஒத்தைச் செருப்பு ஒண்ணு இருக்கு. இடது கால் ரப்பர் செருப்பு. குதிகால் தேஞ்சு, அறுந்த வார்ல ஊக்கு குத்தியிருக்கும். மருமக அதைக் குப்பையில போடப் பார்க்கும்போதெல்லாம், "அது என் நாத்தனாருதுடி, தூக்கிப் போட எனக்கே உரிமை இல்ல"ன்னு பிடுங்கி வெச்சுக்குவேன்.

நான் எழுத்துக்கூட்டி எழுதுறவ. ஆனா ஆடுற மூங்கில் உச்சியில ஒத்தைக் கால்ல நின்னு சிரிச்சவ இந்தத் திருவண்ணாமலையில என்னைத் தவிர யாரும் கிடையாது. எழுபதுகள்ல நானும் என் வீட்டுக்காரரோட அக்காவும் ஒரே சர்க்கஸ்ல இருந்தோம். நாத்தனார் தோள்ல மூங்கிலை நிறுத்துவாங்க, நான் ஏறுவேன். அவங்க மூச்சு விடுறது மூங்கில் வழியா என் பாதத்துக்குத் தெரியும்.

ராஜஸ்தான் பக்கம் பெரிய ஊருக்குப் போற வழியில, பாலைவனத்துல ஒரு சின்ன ஊர்ல ரெண்டு நாள் கேம்ப். சோத்துலயும் மணல், பவுடர் டப்பாவுலயும் மணல். எங்க யானையைப் பார்க்க ஊரே வந்தது, அவங்க ஒட்டகத்தைப் பார்க்க நாங்க போனோம். அதுக்கு முந்தின ஊர்லயே நாத்தனாருக்குத் தோள் பிசகிடுச்சு. மேனேஜர் கறாரா சொல்லிட்டார்: "இன்னைக்கு ஷோவுல தாங்கலைன்னா ரெண்டு பேரும் ஊருக்குக் கெளம்புங்க." ஊர்ல எங்களுக்கு என்ன இருந்தது? என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துட்ட பிறகு, எங்களுக்கு அந்த மூங்கில்தான் இருந்தது.

மத்தியானம் நாத்தனார் கூடாரத்துக்குப் பின்னாடி கையைக் காட்டினாங்க. "இன்னைக்குப் பௌர்ணமிடி. அதோ பாரு, மலை."

"அக்கா, அது மணல்."

"நம்ம சாமி நெருப்பாவே நின்னவரு. மணலா நிக்க மாட்டாரா? வாடி, ஷோவுக்குள்ள சுத்திட்டு வந்துடலாம்."

ஊர்ல மலை சுத்துற மாதிரியே அடிவாரத்துல செருப்பைக் கழட்டி வெச்சோம். கழட்டின எடத்துக்குத் திரும்பி வந்தாத்தான் சுத்து முடியும்னு நாத்தனார் சொல்லுவாங்க. மலை வலது கைப்பக்கம் இருக்க நடந்தோம். எங்க ஊர் மலை நடக்க நடக்க முகத்தை மாத்தும், ஆனா நின்ன எடத்துல நிக்கும். இங்க ஒரு மணல்மேடு முடியறதுக்குள்ள அடுத்ததோட ஒட்டிக்குச்சு. இதுவரைக்கும் வலது பக்கம் வந்தது மலையா, எதிர்ல நிக்கிறது மலையா, ஒண்ணும் புரியலை. திரும்பிப் பார்த்தா எங்க காலடியையும் காத்து அழிச்சிட்டிருந்தது.

ஒரு ஒட்டகக்காரர்தான் எங்களைப் பார்த்தார். எங்களுக்குத் தெரிஞ்ச சர்க்கஸ் இந்தியில மலை சுத்துறோம்னு சொன்னோம். அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். "இது மலை இல்லம்மா. பெருங்காத்து அடிச்சா நகர்ந்து போயிடும்."

"அப்ப நாம எதைடி சுத்தினோம்?"னு நாத்தனார் என்னைக் கேட்டாங்க. எனக்கென்ன தெரியும்?

ஒட்டகத்து மேல எங்களை ஏத்திக் கூடாரத்துல விட்டார். முதல் மணி அடிச்சாச்சு. முகத்துக்குப் பவுடரை அப்பிக்கிட்டு ஓடினோம். நான் பயந்துகிட்டேதான் மூங்கில்ல ஏறினேன். அன்னைக்கு அது இம்மியும் நடுங்கலை. இறங்கினதும், "வலி போச்சாக்கா?"ன்னேன்.

"பாதி சுத்தினேன், பாதி போச்சு."

சிரிச்சாங்களா, நிசமாத்தான் சொன்னாங்களா? அந்தப் பவுடர் முகத்துல கண்டுபிடிக்க முடியலை. மறுநாள் லாரி கெளம்பும்போது ஒட்டகக்காரர் இந்த ஒத்தைச் செருப்பை மட்டும் கொண்டாந்து கொடுத்தார். மத்ததெல்லாம் மணலுக்குள்ள போயிடுச்சாம்.

எண்பதுகள்ல ஊர் திரும்பி செங்கம் ரோட்டுல குடியிருந்தோம். வாசல்ல நின்னா மலை. ஆனா நாத்தனார் ஒரு தடவைகூடச் சுத்தலை. "அங்க பாதியில விட்டது நிக்குது. அதை முடிக்காம இதை எப்படி ஆரம்பிக்கிறது?" அந்த மலை இப்ப எங்க இருக்குன்னே தெரியாதேக்கான்னு கேட்டா, தோளைத் தடவிக்கிட்டு உள்ள போயிடுவாங்க. பாதி வலியோடவே போய்ச் சேர்ந்தாங்க.

போன பௌர்ணமிக்கு நான் செருப்பைப் பையில போட்டுக்கிட்டு, ஆட்டோ பிடிச்சு அடி அண்ணாமலையில இறங்கினேன். அதுதான் சுத்துப்பாதையில பாதி. மீதிப் பாதியை அவங்களுக்காக நடக்கலாம்னு நெனச்சேன். இது சரியா தப்பான்னு கேக்க ஆள் இல்ல. இப்ப எவ்வளோ கூட்டம்! கூட நடந்த ஒரு பையன், "ராஜகோபுரத்துலேர்ந்தா ஆயா நடந்து வர்றீங்க?"ன்னான்.

"இல்ல கண்ணு, ராஜஸ்தான்லேர்ந்து."

அவன் என் காலையே பார்த்துக்கிட்டு வந்தான்.

ராஜகோபுரத்துக்கு முன்னாடி செருப்புங்க குவிஞ்சு கெடந்தது. அந்தக் குவியலோரமா நாத்தனார் செருப்பை வெச்சுக் கும்பிட்டேன். கொஞ்ச தூரம் போயிட்டேன். அப்புறம் நின்னேன். இன்னொரு காலுது அங்க மணலுக்குள்ளதானே இருக்கு? கழட்டினது ரெண்டாச்சே. திரும்பிப் போய் எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன்.

இப்பவும் டிரங்குப் பெட்டியிலதான் இருக்கு.