பிரேமலா பேசாமல் இருந்த பதினொரு நிமிடம்

மலேசியாவின் கெலாங் பாத்தாவில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில் பிரேமலாவின் குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் துவாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினேழு வருடம் லைன் லீடராக இருந்தவர். இயந்திரச் சத்தத்தையும் மீறி இருபது பேருக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை, வேலை போய் இரண்டு வருடமாகியும் இறங்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து நான் இங்கே வீடு பிடித்த முதல் வாரம், குப்பையை எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும் என்று நான் கேட்காமலே வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பழக்கம்.

அவர் நீரிழிவுத் தடுப்புப் பயிற்றுநர் ஆவதற்கு இணையத்தில் படிக்கத் தொடங்கியது போன வருடம். பக்கத்து கிளினிக்கில், தமிழ் பேசும் ஒருவரைத் தாமானுக்கென்று தேடிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வாரம், சனிக்கிழமை காலைகளில் வகுப்பு. மலாய் மொழியில் இருந்த பாடங்களை அவர் கடகடவென்று படித்துவிடுவார். ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் சொல்ல வேண்டும். மருத்துவ விஷயம், ஒரு சொல் தப்பிப் போனால் யாருக்கு என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். சர்க்கரை அளவு கொஞ்சம் ஏறி, ஆனால் இன்னும் நோயாகாமல் இருக்கும் நிலையை எப்படிச் சொல்வது என்று ஒருநாள் முழித்துக்கொண்டிருந்தேன்.

"அதான்லா, கஸ்டம்ஸ்ல கியூவுல நிக்கிற மாதிரி. இன்னும் அந்தப் பக்கம் போகல. வண்டியத் திருப்பிக்கிட்டு வந்துடலாம்" என்றார் பிரேமலா. தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் வந்தவருக்கு அது புத்தகத்தைவிடத் தெளிவாக இருந்தது.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். இடறியது செய்முறையில். சர்க்கரை விஷயத்தில் அந்தக் கியூவில் நிற்கும் ஐந்து பேரை வைத்து, மதிப்பீட்டாளர் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, நாற்பது நிமிடம் ஒரு கூட்டம் நடத்த வேண்டும். முதல் முறை, அந்த நாற்பதில் முப்பத்து நான்கு நிமிடம் பிரேமலாவே பேசினார். சோற்றைக் குறை, நட, கிச்சாப் சாஸை ஊற்றாதே என்று ஒரே உத்தரவு மழை. பயிற்றுநர் சொல்கிறவர் இல்லை, கேட்கிறவர் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் கிளினிக் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவர். பேர் அச்சடித்த சான்றிதழ் ஒன்றுகூட வீட்டில் இல்லை. வேலை போனபின் தன்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். மெதுவாகச் சொன்னார், அதனால் எனக்கு நினைவிருக்கிறது.

அவருடைய கணவர் கனகராஜுக்கு இந்த விவகாரம் பெரிய வேடிக்கை. "வாய மூடுறதுக்குப் பரீட்சையா? இருபத்தி மூணு வருஷமா நானும்தான் வச்சிக்கிட்டிருக்கேன். ஒரு தடவகூட நீ பாஸாகலையே."

இரண்டாம் வாய்ப்புக்கு ஐந்து பேரையும் தன் வீட்டு ஹாலிலேயே உட்கார வைப்பது என்று முடிவு செய்தார். முதல் முறை அவரவர் வீட்டிலிருந்து பேசியபோது, லோரி ஓட்டும் ஐயாசாமியின் கைப்பேசி முழு நேரமும் கூரையில் சுற்றும் காற்றாடியைத்தான் காட்டியது. இப்போது என் மடிக்கணினி ஒன்று போதும். இணையம் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் நான் ஒரு மணி நேரம் முன்னாடியே போய்விட்டேன்.

பத்து மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். ஐயாசாமி, முன்பு சாப்பாட்டுக் கடை வைத்திருந்த நைனா முகம்மது, அவர் மனைவி ஜஹானாரா, எதிர் வரிசையிலிருந்து இரண்டு பெண்கள். திரையில் மதிப்பீட்டாளர் தனலெட்சுமி வணக்கம் சொன்னார். ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி, கண்டிப்பானவர் என்று பேர். எல்லாரும் தங்கள் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிரேமலா எழுந்து உள்ளே போனார். வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது, கால் தானாகப் போயிருக்க வேண்டும். திரும்பி வந்தபோது கையில் தட்டு. தித்திக்கும் டின் பால் ஊற்றி நுரைக்க ஆற்றிய ஐந்து கோப்பை தேத்தண்ணி, ஒரு தட்டு நிறைய, உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப். கொண்டுவந்து கேமராவுக்கு நேராக வைத்தார்.

அன்றைக்கு அவருக்குக் கொடுத்திருந்த தலைப்பு, இனிப்புப் பானங்கள்.

திரையில் தன் தட்டைத் தானே பார்த்தபின்தான் பிரேமலாவுக்கு உறைத்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் கன்றிவிட்டது. தனலெட்சுமி எதையோ குறித்துக்கொண்டார். மடிக்கணினியை மூடிவிட்டு, இணையம் போய்விட்டது என்று சொல்லலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

"எடுத்துட்டுப் போயிடவா?" என்று ஐயாசாமி மெல்லக் கேட்டார்.

பிரேமலா தலையாட்டி மறுத்தார். பிறகு, நான் ஒரே ஒரு முறைதான் அவரிடம் கேட்டிருந்த சின்னக் குரலில் கேட்டார்: "நான் ஏன் பாய் இதக் கொண்டாந்தேன்?"

பயிற்சிக்காகக் கேட்ட கேள்வி இல்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டு நைனா முகம்மதுவையே பார்த்தார்.

அவர் தாடியைத் தடவினார். வந்தவர்களுக்குச் சீனி இல்லாத தண்ணி கொடுத்தால் கஞ்சம் என்று பேசுவார்களே, அதனால்தான் என்றார். எதிர் வரிசைப் பெண்கள், தங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றார்கள். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போன ஐயாசாமி, ஒரே சாயங்காலத்தில் நான்கு வீட்டில் நான்கு கோப்பை இனிப்பு மைலோ குடித்த கதையைச் சொன்னார். ஒரு வீட்டில் குடித்துவிட்டு இன்னொரு வீட்டில் வேண்டாம் என்றால் சண்டையாகிவிடுமாம். பேச்சு அவர்களுக்குள்ளேயே சுற்றி வந்தது. பிரேமலா ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் ஜஹானாரா அவர் பக்கம் திரும்பினார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காத. எங்க வீட்ல ரெண்டு பேரும் கோசோங்தான் குடிக்கிறோம், சீனியே போடறதில்ல. நீ வர்ற அன்னிக்கு மட்டும்தான் டின் பால் ஒடைக்கிறேன்."

"எனக்காகவாக்கா?"

"ஆமாலா. ரெண்டு கோப்ப குடிப்பியே."

"வேணாம்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு குடிச்சேன்க்கா."

ஹாலே சிரித்தது. திரையில் தனலெட்சுமி கேமராவிலிருந்து கொஞ்சம் நகர்ந்துகொண்டார். அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்கப்புறம் அவர்களாகவே ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இனிமேல் இந்த ஐந்து வீட்டிலும் தேத்தண்ணி வெறுமனே வரும், சீனி தனிக் கிண்ணத்தில் வரும், எவ்வளவு என்று வீட்டுக்காரர் கேட்பார். பிரேமலா அதை நோட்டில் எழுதி, எந்தத் தேதியிலிருந்து என்று மட்டும் கேட்டார். நாளைக்கே என்றார் ஐயாசாமி.

மற்றவர்கள் போனபின் தனலெட்சுமி முடிவைச் சொன்னார். நாற்பது நிமிடத்தில் பிரேமலா பேசியது ஒன்பது. நடுவில் பதினொரு நிமிடம் ஒரு வார்த்தைகூட இல்லை, அந்த நேரத்தில்தான் ஐந்து பேரும் அதிகம் பேசினார்கள். தட்டுக்கு மதிப்பெண் வெட்டியாக வேண்டும், அறிக்கையிலும் எழுதுவேன் என்றார்.

"எழுதுங்க மேடம். வச்சது நான்தானே."

"வெட்டியும் பாஸ் மார்க்குக்கு மேல நாலு வருது. பாஸ்."

அலாமாக் என்று சொல்லி பிரேமலா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். விஷயத்தை போனில் கேட்ட கனகராஜ், பதினொரு நிமிடமா என்று இரண்டு தடவை கேட்டாராம்.

அடுத்த வாரம், கிளினிக் கொடுத்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் முதலில் போனது ஜஹானாரா வீட்டுக்கு. நானும் கூடப் போனேன். தேத்தண்ணி வெறுமனே வந்தது, பக்கத்தில் மூடி போட்ட சீனிக் கிண்ணம். எவ்வளவு வேண்டும் என்று ஜஹானாரா கேட்டார். இத்தனை வருடத்தில் இந்தத் தெருவில் யாரும் தன்னிடம் அப்படிக் கேட்டதில்லை என்றார் பிரேமலா. கரண்டியைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அரைக் கரண்டிக்கா" என்றார். "நெசமாவே வேணும்."