தங்கமணியின் இடது காது

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அய்யாவு என்பவனுக்குக் கை நிதானம் என்று பேர். பதினாறு வருடத்தில் ஒரு கண்டெய்னரைக்கூட அவன் இடித்து இறக்கியதில்லை. அவனுடைய கோபத்தைப் பார்த்தவள் மனைவி தங்கமணி ஒருத்திதான்.

1988 தீபாவளி போனஸில் ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தான். பிள்ளையில்லாத வீடு. வேலை விட்டு வந்ததும் டிவி முன்னால் சம்மணம் போட்டுவிடுவான். முதல் மூன்று கட்டங்கள் சுலபமாகப் போயின. நான்காவதில், ஆடும் பலகைகள்மேல் தாவிப் பாலத்தைக் கடக்க வேண்டும். ஐந்தாவது பலகையில் அந்தக் குட்டி மனிதன் தவறி விழுவான். விழும்போது நாலு சுரத்தில் ஒரு மெட்டு இறங்கும், கேலி செய்வதுபோல.

மூன்று வாரம் அதே பலகை. முதலில் தொடையில் குத்திக்கொண்டான். பிறகு தரையை அறைந்தான்.

"ஏமாத்துது இது! பட்டன அமுக்கினா தாவ மாட்டேங்குது!"

"எந்திரிச்சு வந்து சாப்பிடுங்க. அது எங்க ஓடிப் போகுது?"

ஒரு ஞாயிறு மத்தியானம் ஐந்தாவது பலகையைத் தாண்டிவிட்டான். கடைசிப் பலகையில் விழுந்தான். மெட்டு இறங்கியது. கண்ட்ரோலரை வயரோடு பிடுங்கி, எங்கே என்று பார்க்காமல் வீசினான். காப்பி டம்ளரை எடுக்கக் குனிந்த தங்கமணியின் இடது காதில் போய் அடித்தது. அவள் கத்தக்கூட இல்லை. காதைப் பொத்திய விரல்களுக்கிடையே ரத்தம் கசிந்தது.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று ஆஸ்பத்திரியில் அவளே சொன்னாள். அவன் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்றான். அந்தக் காது அப்புறம் கேட்கவேயில்லை.

பெட்டியை அவன் அப்புறம் தொடவில்லை. ஆனால் மெட்டு கிரேன் கூண்டுக்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு கண்டெய்னரும் லோரியில் உட்காரும்போது அந்த நாலு சுரம் கேட்கும். கீழே யாரும் விழவில்லையே என்று எட்டிப் பார்த்த பிறகுதான் கையை எடுப்பான்.

"அந்தப் பெட்டிய தூக்கிப் போட்டுடறேன்" என்றான் ஒருநாள்.

"எதுக்கு? இன்னொரு கண்ட்ரோலர் இருக்கில்ல."

அவள் கேம் ஆட ஆரம்பித்தாள். தனக்குக் கேட்க வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள். விழுந்தால் கண்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போவாள். மடித்ததும் திரும்பி வந்து உட்காருவாள். அவன் சமையலறையில் உட்கார்ந்து அவள் விழுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பழனியப்பன் கதவைத் தட்டினான்.

"அண்ணே, சத்தத்தக் கொஞ்சம் கொறைங்களேன். அக்காவுக்குக் காது கேக்காதா என்ன?"

விளையாட்டாகத்தான் கேட்டான்.

"கேக்காது" என்றான் அய்யாவு. "நான்தான் காரணம். கேம்ல தோத்த கோவத்துல வீசினேன். பாத்ரூம்ல ஒண்ணும் விழல."

பழனியப்பன் தன் செருப்பைப் பார்த்தபடி நின்றான். "சரிண்ணே" என்று போய்விட்டான். ஒரு வாரத்தில் தெருவுக்கே தெரிந்தது. அய்யாவுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

கடைக்குப் போய் வந்த தங்கமணி பையைத் தொப்பென்று வைத்தாள்.

"யார கேட்டுச் சொன்னீங்க? உங்களுக்கு மனசு ஆறிருச்சு. என்னையத்தான எல்லாரும் பாவமாப் பாக்குறாங்க!"

அவள் கோபப்பட்டு அவன் பார்த்தது அன்றுதான்.

அவள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். வலது காதைத் திரைப்பக்கம் சாய்த்து ஆட உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மெட்டு இறங்கியது, மெல்லிசாக. தெருவுக்குக் கேட்டிருக்காது. சமையலறையில் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.