மாத்திரைக்குப் பின் ஒரு மணி நேரம்

"மார்ச் 9. காலை 8.00 மாத்திரை. 9.05 தோளும் கழுத்தும் ஆடுகின்றன. நோய் முற்றுகிறது."

என் நோட்டில் இப்படி இருக்கிறது. கடைசி வரி தவறு.

என் மனைவி செல்லம்மாளுக்குப் பார்க்கின்சன் நோய். முதலில், சும்மா இருக்கும்போது வலது கை விரல்கள் நடுங்கின. பிறகு நடை குறுகியது. தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்குப் பூ வாங்கப் போகையில் எனக்கு நாலு எட்டு முன்னால் போனவள். "வெரசா வாங்க. நடக்கதையும் நோட்டுல எழுதிட்டுத்தான் வருவியளோ?" என்று திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

லெவோடோபா (மூளையில் குறைந்துபோன டோபமைனை ஈடுசெய்யும் மருந்து) அவளை மறுபடி நடக்க வைத்தது. சில வருடம் கழித்து உடல் நெளிந்து ஆடத் தொடங்கியது. மருத்துவரைக் கேட்காமல் நானே அரை மாத்திரை கூட்டினேன். ஆட்டம் அதிகமாகி, ஒரு நாள் நாற்காலியிலிருந்து விழுந்தாள். இதைப் படிப்பவர்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம்.

நரம்பியல் மருத்துவர் மராட்டியப் பெண். தமிழ் தெரியாவிட்டாலும் நோட்டிலிருந்த மணிக்கணக்கைப் படித்தார். ஒவ்வொரு ஆட்டமும் மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்து.

"அங்கிள், இது பீமாரி இல்லை, தவாயி" என்ற பொருளில் இந்தியில் சொன்னார். நோயல்ல, மருந்து. இதன் பெயர் டிஸ்கினீசியா (நம் விருப்பமின்றி உடல் ஆடுவது). மருந்தின் வேகம் குறையும்போது வரும் நடுக்கமும் இறுக்கமும்தான் அவளுடைய நோய்.

அளவைக் குறைத்தார். ஆட்டம் நின்றது. நடையும் நின்றது. கழிப்பறைக்குக்கூட நான் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது செல்லம்மாள் என்னிடம் சொன்னாள்: "ஆடுனா ஆடிட்டுப் போறேன். கட்ட கணக்கா கெடக்கதுக்கு அது தேவல. அந்தம்மாட்டச் சொல்லுங்க."

சொன்னேன். மருத்துவர் மாத்திரையைச் சிறு பங்குகளாகப் பிரித்து, பல வேளைக்கு எழுதிக் கொடுத்தார்.

இப்போது எங்கள் நாளில் காலை, மாலை கிடையாது. மாத்திரைக்கு முன், மாத்திரைக்குப் பின், அவ்வளவுதான். நல்ல மணி நேரத்தில் லேசாக ஆடியபடி மாட்டுங்கா வரை நடக்கிறாள். நான் பக்கத்தில் நடக்கிறேன்.

ஆட்டம் எப்போது தொடங்கியது என்று மருத்துவர் கேட்டதற்கு ஜனவரி என்றேன். அதற்கு முந்தைய பிள்ளையார் ஊர்வலத்திலேயே அவள் தோள் ஆடியதைக் கண்டதாகப் பக்கத்து வீட்டு மரியம் சொல்கிறார். "அது கொட்டுச் சத்தத்துக்கு நானா ஆடுனதுளா" என்கிறாள் அவரிடம் செல்லம்மாள். எது சரி என்று உறுதிசெய்ய முடியவில்லை. அன்றைய பக்கத்தில் மழை பெய்த நேரத்தை மட்டும் குறித்திருக்கிறேன்.