விறகு மிஷினுக்குக் கால் வெட்டினேன்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: இனிமேல் கோடாலியைத் தொடக்கூடாது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் இந்த மனுஷன் கேட்டிருப்பார். கல்யாண வீடுகளுக்கு பிரியாணி போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. புளியங்கட்டையைத் தன் கையால் பிளந்து, தன் கண்ணுக்குப் பிடித்த பருமனில் அடுக்கினால்தான் அடுப்பையே பற்றவைப்பார். காஸ் அடுப்பு என்று சொன்னால் போதும், மூஞ்சி எட்டு கோணலாகும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாளிலேயே பெரும்பாக்கத்திலிருந்து ஒரு ஆர்டர். நான் குளித்துவிட்டு வருகிறேன், கொல்லையில் கோடாலிச் சத்தம். சட்டையைக் கழற்றிவிட்டு வெட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தலையில் கட்டியிருந்த ஈரத்துண்டை உருவி அவர்மேலேயே வீசினேன்.

"நீங்க பாட்டுக்கு செத்துப் பூட்டா நான் இன்னா பண்றது?"

"ஆளு வரலை. கட்டை தானா பொளந்துக்குமா?"

ஆள் வராதது உண்மைதான். அந்த வேலைக்கு இப்போது யார் வருகிறார்கள்? ஆனால் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. தானாகப் பிளந்துகொள்கிறதா இல்லையா, பார்த்துவிடுகிறேன் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

மேடவாக்கம் ரோட்டுக் காயலான் கடையில் விறகு பிளக்கும் மிஷின் ஒன்று துருப்பிடித்துக் கிடந்ததைப் போகவர பார்த்திருந்தேன். மூடிப்போன மரவாடியிலிருந்து வந்ததாம். ஆயில் அழுத்தத்தில் ஒரு தண்டு கட்டையைத் தள்ளிக்கொண்டுபோய் எதிரே நிற்கும் ஆப்பில் மோதும், கட்டை பிளக்கும். அவ்வளவுதான் விஷயம். என்ஜின் செத்துப்போயிருந்தது, சிலிண்டரில் ஆயில் ஒழுகியது. புதுசு வாங்க நமக்கு ஏது வக்கு? இரும்பு விலைக்கே பேசி, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

"சீர்வரிசை வந்துருச்சுடா" என்று இவர் வாசலில் உட்கார்ந்தபடி கிண்டலடித்தார்.

தெருமுனை வெல்டர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "புது சிலிண்டர் போட்டா பெரிய செலவு ஆவும்க்கா. பேஜாரு. வுட்டுடு."

"சிலிண்டர் யாரு கேட்டா? கழட்டு. எங்க ஒழுகுதுனு பாக்கலாம்."

கழற்றினால், உள்ளே இருந்த ரப்பர் வளையம்தான் கிழிந்திருந்தது. அதை பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, ஜேசிபி வண்டிகளுக்கு ஸ்பேர் விற்கும் கடை கடையாக ஏறி இறங்கினேன். பர்தா போட்ட பொம்பளைக்கு இது எதற்கு என்று சிரித்தவர்கள் சிரிக்கட்டும். அளவு கிடைத்தது. என்ஜினுக்குப் பதிலாக, என் தங்கை வீட்டில் மூடிக்கிடந்த மாவு மில்லின் மோட்டார்.

சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடுகிறது, தண்டு அசையவில்லை. "ஆயில் தள்ற பம்ப்பு அவுட்டுக்கா" என்று வெல்டர் கையைத் துடைத்தான். எனக்குத் தங்கையின் மில் ஞாபகம் வந்தது. ஈபி ஆள் வந்து வயரைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனால் அங்கே மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்.

"ரெண்டு வயரை மாத்திப் போடு, பாக்கலாம்."

மாற்றினான். தண்டு நகர்ந்து வந்தது. மாஷா அல்லாஹ்! நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த தொல்லை, மிஷின் இடுப்பு உயரத்துக்கு நின்றது. புளியங்கட்டையை அவ்வளவு உயரம் யார் தூக்குவது? கறி நறுக்குவதானாலும் வெங்காயம் உரிப்பதானாலும் நான் பலகை போட்டுத் தரையில் உட்கார்ந்து செய்கிறவள்.

"காலை வெட்டுப்பா."

"மிஷினு காலையா? பாக்கறவன் சிரிப்பான்க்கா!"

"சிரிக்கிறவனா வந்து கட்டை தூக்கப்போறான்? வெட்டு."

வெட்டினான். கட்டையைக் காலால் உருட்டி ஏற்றிவிடும் அளவுக்கு மிஷின் தாழ்ந்தது. இவர் மட்டும் கிட்டே வரவே இல்லை. வீம்பு, வேறென்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த ஆர்டருக்கு நானே உட்கார்ந்து பிளந்தேன். நாலைந்து கட்டை நன்றாகப் போனது. அப்புறம் முண்டும் முடிச்சுமாக ஒன்று வந்து சிக்கிக்கொண்டது. மோட்டார் முக்கியது. அணைத்துவிட்டுத் திரும்பினால், இவர் என் முதுகுப்பக்கம் நிற்கிறார்.

"கோடாலியத் தொட்டீங்க, நான் பொல்லாதவளாயிருவேன்!"

"அத்த திருப்பிப் போடு. வேர்ப்பக்கம் முன்னால வரட்டும்."

திருப்பிப் போட்டேன். பிளந்தது. பிளந்த கட்டையைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "அன்னிக்கு வெட்டும்போதே எனக்கு பயம்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் நெஞ்சை தொட்டுப் பாத்துகினேதான் வெட்டுனேன்."

"அப்புறம் எதுக்கு வெட்டுனீங்க?"

"கட்டை வெட்டாம, பிரியாணி தேக்சா தூக்காம, சும்மா குந்திகினு சோறு துன்னா... இந்த வூட்ல நான் எதுக்கு கீறேன்?"

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "இத்த சொல்ல இத்தினி நாளா? வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சினு இருந்தீங்க?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே போனை எடுத்து வெல்டரைக் கூப்பிட்டேன்.

"மறுபடியும் இன்னாக்கா?"

"தண்டைத் தள்ற லிவரை அந்தப் பக்கம் மாத்தணும்ப்பா. நாற்காலில குந்துனா கைக்கு எட்டணும்."

"நீதான் பலகைல குந்தறியே, நாற்காலி யாருக்கு?"

"எங்க வூட்ல கட்டை பொளக்கறவருக்கு" என்றேன்.